செல்லாயி போன ரோடு

மதுரை
12 பிப்ரவரி 2024

அண்ணன் பெஞ்சமினுக்கு,

ஷாரோன் எழுதுகிறேன். உன் நம்பரை என் போனில் அடைத்து வைத்துவிட்டேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் இங்கே மணி அடிக்காது. பேச்சில் நீ நழுவிக்கொண்டு போய்விடுவாய், அதனால் தாளில் எழுது. வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறவள் நான். தாளில் இருப்பதைத்தான் நம்புவேன்.

உத்தரவு நகல் கைக்கு வந்துவிட்டது. பண்ணையார் தாண்டவராயன் சிலையை ரோட்டிலிருந்து அகற்றச் சொல்லி நாம் போட்ட மனு தள்ளுபடி. யாரால் தெரியுமா? உன்னால். வரியை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்: "சிலையை அகற்ற ஊர் மக்கள் ஆட்சேபிக்கிறார்கள் என்பதை முதல் மனுதாரர் பெஞ்சமின் அவர்களே விசாரணையில் ஒப்புக்கொண்டுள்ளார்." கீழே உன் கையெழுத்து வேறு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின அதே அழகான கையெழுத்து.

ஆறு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் உட்கார்ந்து அந்த மனுவை எழுதினேன். நம் சனம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது என்பதற்காக அந்த ஆள் நம் காலனிக் கிணற்றில் எருவைக் கொட்டித் தூர்த்தது, ஏரிச் சேற்றுத் தண்ணியைக் குடித்து நம் சனம் பேதியில் செத்தது, எல்லாவற்றையும் வயசானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அது பழைய கதை என்பார்கள், சரி. சிலை வைத்தது 1987இல். அன்றையிலிருந்து "ஐயா முன்னாடி பொணம் போவக் கூடாது" என்று நம் சாவு ஊர்வலத்தை வயலில் இறக்கிவிட்டார்களே, அது பழைய கதையா? நைனாவின் சவப்பெட்டி ஐப்பசி மழையில் வரப்பில் சரிந்து மூடி திறந்துகொண்டதே, அதை நீதானே பிடித்தாய்? அன்றைக்கு அம்மா சொன்னதும் உன் காதில்தானே விழுந்தது? "என்ன மட்டும் சேத்துல கொண்டாராதீங்கடா. ரோட்டுல எடுத்துக்கினு போங்க."

அதற்காகத்தான் மனு. அந்த மனுவை எதிரி தோற்கடிக்கவில்லை, நீ தோற்கடித்தாய். ஏன் அப்படிச் சொன்னாய்? பதில் எழுது.

ஷாரோன்

*

அல்லிமங்கலம் காலனி
20 பிப்ரவரி

தங்கச்சி ஷாரோனுக்கு,

உன் கடிதத்தைத் தண்ணித் தொட்டி மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். பதில் எழுதவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எழுதினால் அம்மா என்ன ஏது என்று கேட்பாள்.

நடந்ததைச் சொல்கிறேன். விசாரணை பஞ்சாயத்து ஆபீசில். அதிகாரி சின்ன வயசு, தெற்கே ஏதோ ஊர்க்காரர். எதிர்த்தரப்பு எல்லாம் நாற்காலியில், நாம் சுவர் ஓரமாக. நாற்காலி கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நாம் யாரும் உட்காரவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிலையை எடுக்கிறதில் ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இருக்கிறதா?" நான் உள்ளதைச் சொன்னேன். "ஊர்ல ஆட்சேபணை கீது சார். எங்களுக்குத்தான் அந்தச் சிலை வேணாம்." எழுதுகிறவர் முதல் பாதியை எழுதிக்கொண்டு காகிதத்தைத் திருப்பிவிட்டார்.

நான் பொய்யா சொன்னேன்? ஊர் என்றால் அவர்கள், காலனி என்றால் நாம். நீயும் நானும் வாய் திறந்து பேச ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். ரோட்டைத் தாண்டி எண்ணெய் வாங்கப் போனால்கூட அம்மா "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வாள். அந்த வார்த்தைக்கு அதிகாரி வேறு அர்த்தம் வைத்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போடும்போது படித்தும் பார்த்தேன். சரியாகத்தானே இருக்கிறது என்று போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. தாண்டவராயன் பேரன் அரவிந்தன் அதிகாரியிடம், "எங்க தாத்தா குடுத்த எடத்துலதான் சார் ஸ்கூலு. இவரு தங்கச்சி அங்க படிச்சிட்டுத்தான் எங்க தாத்தா மேலயே மனு எழுதுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அன்றையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. இதயம் பெருத்திருக்கிறது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். என்னோடு பேசாவிட்டால் போகிறது, பக்கத்து வீட்டுத் திலகா நம்பருக்குக் கூப்பிட்டு அம்மாவோடு பேசு.

பெஞ்சமின்

*

மதுரை
28 பிப்ரவரி

அண்ணா,

அம்மாவோடு பேசினேன். மூச்சு வாங்குகிறது. ஆனாலும் "மனு இன்னாச்சி?" என்றுதான் முதலில் கேட்டாள். நடக்குது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார். அதில் என்ன ஊர் போட்டிருக்கிறது? அல்லிமங்கலம். வாக்காளர் பட்டியலில்? அல்லிமங்கலம். அரசாங்கத்துக்கு நீ ஊர்க்காரன், உனக்குத்தான் நீ ஊர்க்காரன் இல்லை. போலீசில் புகார் கொடுக்கலாம் என்று வக்கீலிடம் சொன்னபோது, "தடுத்தவன் பேர் சொல்லும்மா" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. ஒருத்தனும் குறுக்கே வந்து நிற்பதில்லையே. சாவு விழுந்தால் நாமே வழி கேட்காமல் வயலில் இறங்கிவிடுகிறோம். உன் வாயில் வந்த வார்த்தையும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது.

இதை எழுதாமல் விட நினைத்தேன், முடியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அரவிந்தனின் மச்சான். தொட்டி ஆபரேட்டர் வேலை அவர் கையில். அந்த வேலையை நினைத்துக்கொண்டுதான் வாயை அளந்து திறந்தாயோ?

பள்ளிக்கூடத்துக்கு அவர் நிலம் கொடுத்தது உண்மை. நான் அங்கே படித்ததும் உண்மை. பள்ளிக்கூடச் சுவரில் பெயர் எழுதட்டும், நான் கும்பிட்டுவிட்டே போகிறேன். சிலையை உடைக்கச் சொன்னேனா? அவர்கள் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும் என்றுதானே கேட்டேன். நிலம் கொடுத்த கைதான் கிணற்றையும் தூர்த்தது. கொடுத்ததை மட்டும் ரோட்டில் நிற்கவைத்து மாலை போடுகிறார்கள். அந்த மாலைக்காக நம் பிணம் சேற்றில் போகிறது.

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீல். உன் பிரமாணப் பத்திரம் வேண்டும். உன் கையாலேயே எழுது: "அல்லிமங்கலம் ஊர் மக்கள் என்பதில் நானும் காலனி மக்களும் அடக்கம். நாங்கள் சிலையை அகற்றக் கேட்கிறோம்." நோட்டரி கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பு.

ஷாரோன்

*

அல்லிமங்கலம் காலனி
11 மார்ச்

ஷாரோனுக்கு,

பத்திரம் இதோடு இருக்கிறது.

வேலைக்காக வாயை அளந்தேன் என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் கிழித்துப் போடத் தோன்றியது. கிழிக்கவில்லை. நீ தாளை நம்புகிறவள், இருக்கட்டும். உன்னைக் காலேஜில் சேர்த்தது இந்தத் தொட்டி வேலைதான் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

உத்திரமேரூரில் நோட்டரி கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நாலு வரிதான். "ஊர் மக்கள் என்பதில் நானும்" என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. நோட்டரி, "இன்னாப்பா, எழுத்து மறந்து பூட்ச்சா?" என்றார். எழுதி முடித்தேன்.

பத்திரம் எழுதியது எப்படியோ தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் தலைவர் கூப்பிட்டு, "நீயும் ஊருன்னு எழுதிக் குடுத்துட்டியாமே. அப்போ ஊர்க்காரன் மாரி வூட்ல ஒக்காரு. தொட்டி சாவியக் குடு" என்றார். கொடுத்துவிட்டேன். இப்போது வேறொருவன் திறக்கிறான். காலனிப் பக்கம் தண்ணீர் கால்வாசி நேரம்தான் வருகிறது. அவன் மேல் தப்பு இல்லை, அந்த வால்வு கொஞ்சம் முரண்டு பண்ணும், பழகினவனுக்குத்தான் திறக்கும்.

அம்மா படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா பெஞ்சமினு, ரோடு கெடைக்குமா?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டைக் கேட்கிறாளோ என்று நினைத்து, "ஆட்டோ சொல்லிக்கிறேம்மா" என்றேன். "அத்தக் கேக்கல. எங்க மாமியாரு மோளத்தோட அந்த ரோட்டுலதான் போச்சி. அப்போ அங்க செல கெடையாது" என்றாள்.

வந்து பார்த்துவிட்டுப் போ.

பெஞ்சமின்

*

மதுரை
25 மார்ச்

அண்ணா,

வேலை போனதைப் படித்தேன். நான் எழுதிய அந்த வரியை நீ கிழித்திருக்கலாம். மன்னித்துக்கொள் என்று முழுசாக எழுத இன்னும் கை வரவில்லை. பாதியாவது எழுதுகிறேன், வைத்துக்கொள்.

மேல்முறையீடு பதிவாகிவிட்டது, நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால் தேர்தல் அறிவித்துவிட்டார்களே, எல்லா அதிகாரிகளும் அந்த வேலையில். ஜூன் வரை விசாரணை இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே. ஈஸ்டருக்கு வர நினைத்தேன், எங்கள் வக்கீலும் தேர்தலில் நிற்கிறவருக்கு வேலை செய்கிறார், லீவு தரவில்லை. ஏப்ரல் 19 ஓட்டு முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அம்மாவை இருக்கச் சொல்.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் உடனே மன்னித்துவிடுவேன் என்று தெரியும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கவேண்டும்.

ஷாரோன்

*

அல்லிமங்கலம் காலனி
10 ஏப்ரல்

ஷாரோன்,

வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மா போய்விட்டாள். திலகா போனிலிருந்து உனக்குச் சொன்னேன். நீ வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை, மண் மூடியாகிவிட்டது. நீ ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடைசி பஸ்ஸுக்கு நடந்துவிட்டாய். காத்திருக்காமல் ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். எழுதத்தான் சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

தேர்தல் அறிவித்ததும் சிலையைத் துணியால் மூடிவிட்டார்கள். பீடத்தில் அரவிந்தன் பேரும் அவன் கட்சிப் பதவியும் எழுதியிருப்பதால் அதிகாரிகளே வந்து வெள்ளைத் துணி சுற்றிக் கழுத்திலும் இடுப்பிலும் கயிறு கட்டினார்கள். அன்று காலை பத்து மணிக்கு அரவிந்தன் பைக்கில் காலனி முனைக்கு வந்தான். மாலையும் கொண்டுவந்தான். சொன்னான்: "பெஞ்சமினு, ஐயாவத்தான் மூடி வச்சிக்கிறாங்களே. அவரு ஒண்ணும் பாக்கப் போறதில்ல. அம்மாவ ரோட்டுலயே எடுத்துக்கினு போ, நான் ஊர்ல சொல்லிட்டேன். மோளம் மட்டும் வேணாம். மூணு மணிக்குள்ள முடிச்சிக்கோ, நாலு மணிக்கி கேண்டிடேட்டு வண்டி வருது."

ஓட்டுக்காகச் சொன்னானா, அம்மா அவன் வீட்டு நெல்லை எத்தனையோ வருஷம் தூற்றினாளே, அதற்காகச் சொன்னானா, தெரியாது. நல்ல மனசோடு சொன்ன மாதிரிதான் இருந்தது.

இரண்டு மணிக்கும் நீ திண்டிவனம் தாண்டவில்லை என்று திலகா சொன்னாள். உனக்காக நிறுத்தினால் ரோடு கிடையாது, வயல்தான். ரோட்டில் எடுத்தால் நீ முகம் பார்க்க முடியாது. அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்டால் "கெஞ்சி வாங்கின ரோட்டில் அம்மா போகவேண்டாம்" என்பாய். அது உன் நியாயம். அம்மா கேட்டது நியாயம் இல்லை, ரோடு. இரண்டரைக்கு எடுத்தோம்.

மேளம் இல்லை. போதகர் பாட்டு ஆரம்பித்தார், சிலை கிட்டே வந்ததும் அவர் குரலும் தானாக இறங்கிவிட்டது. முன்னால் வலது பக்கம் நான் தோள் கொடுத்திருந்தேன். காற்றில் அந்தத் துணி படபடவென்று அடித்தது. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் தலை குனிந்துவிட்டது. முகம்கூடத் தெரியாத ஒரு துணிக்கு முன்னால் குனிந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

காலனியில் எல்லோரும், "செல்லாயி ராணி மாரி ரோட்டுல போச்சி" என்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பெஞ்சமின்

*

மதுரை
15 ஜூலை

அண்ணா,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தேன். எடுக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் கோபம் வரும், கடைசிப் பக்கத்தில் அழுகை வரும். பதில் எழுத இரண்டும் உதவவில்லை.

மேல்முறையீடு முடிந்துவிட்டது, தள்ளுபடி. நான் டைப் அடிக்கிறவள், எத்தனையோ உத்தரவு பார்த்திருக்கிறேன். இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுதுகிறேன்: "மனுதாரரின் தாயார் செல்லாயி என்பவரின் இறுதி ஊர்வலம் 05.04.2024 அன்று மேற்படி சிலைக்கு முன்பாக எவ்வித இடையூறுமின்றி அமைதியாகச் சென்றுள்ளமை எதிர்மனுதாரர் தாக்கல் செய்த புகைப்படத்தால் தெளிவாகிறது. எனவே சிலையினால் பாதை மறுக்கப்படுகிறது என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல."

மேளம் அடிக்க விடாததைத்தான் "அமைதியாக" என்று எழுதியிருக்கிறார்கள்.

அரவிந்தன் யாரையோ விட்டுப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறான். நகல் வாங்கிப் பார்த்தேன். பீடத்தின் ஒரு முனை மட்டும் தெரிகிறது, துணி சுற்றின சிலை படத்துக்குள் வரவில்லை. நீ இருக்கிறாய், குனிந்த தலையோடு. பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. அம்மாவின் முகம் நன்றாகத் தெரிகிறது. வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, கடைக்காரனிடம் பேரம் பேசுவாளே, அப்படி. எனக்குப் பார்க்கக் கிடைக்காத முகத்தை எதிர்த்தரப்பு ஆவணம் இரண்டு என்று முத்திரை குத்தின தாளில் பார்த்தேன் அண்ணா. ஆபீசில் எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் தவிர வேறு எந்த அரசாங்கத் தாளிலும் அம்மா பெயர் வந்ததில்லை. வந்த ஒரு தாளில் தாண்டவராயனுக்குச் சாட்சியாக வந்துவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்காக நிறுத்தி வைத்து, அம்மாவை வயலில் இறக்கியிருப்பேன். அதை நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி உனக்கு மூன்று கடிதம் எழுதினேனே, அதற்கு இப்போது முழுசாக மன்னிப்புக் கேட்கிறேன்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார் வக்கீல். அங்கே நீ சொல்லவேண்டியிருக்கும்: அன்றைக்குத் துணி சுற்றியிருந்தது, அரவிந்தன் அனுமதி கொடுத்தான், மேளம் கூடாது என்றான், நீ ஒப்புக்கொண்டாய் என்று. காலனி முழுக்கக் கேட்க அதைச் சொல்லவேண்டும். உன்னால் முடியுமா?

நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு.

ஷாரோன்

*

அல்லிமங்கலம் காலனி
18 ஆகஸ்ட்

ஷாரோனுக்கு,

இரண்டு தடவை உன் போன் வந்தது. எடுக்கவில்லை. கோபம் என்று நினைக்காதே. எனக்கும் இப்போது எழுதினால்தான் வருகிறது.

ஜூன் முதல் வாரமே துணியை எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு பாலும் பன்னீரும் ஊற்றிக் கழுவினார்கள். மூன்று மாதத் தூசி என்றார்கள். நானும் தூசி என்றே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ராணியம்மாள் இறந்துபோனார்கள், திலகாவின் அம்மா. நீ அனுப்பிய உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு நானே அரவிந்தன் வீட்டுக்குப் போனேன். "சிலை யாருக்கும் பாதையை மறிக்கவில்லை என்று இதில் எழுதியிருக்கிறதே, ரோட்டில் எடுக்கிறோம்" என்றேன். வாங்கிப் படித்தான். மரியாதையாகத்தான் பேசினான். "கோர்ட்டு கேஸுன்னு வந்தா அத்தச் சொல்லிக்கலாம் பெஞ்சமினு. அன்னிக்கி ஐயா மூடியிருந்தாரு, ஒத்துக்கினாங்க. இப்போ தெறந்துக்கினு கீறாரு. ஊர்ல நான் இன்னான்னு சொல்றது?" அவன் பின்னால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

காலனிக்குத் திரும்பி வந்தேன். முதல் நாள் பெய்த மழையில் நடவு வயல் முழங்கால் ஆழம். யாரும் யாரையும் கேட்கவில்லை, பெட்டியைத் தூக்கி வயலில் இறங்கினோம். இந்தத் தடவை சரியவில்லை. ஆனால் பாதி வழியில் கால் எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம்.

திரும்பி வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். திலகா பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தாள். நம் அம்மா செத்த அன்று காலையிலிருந்து உனக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தவள். சேற்றைத் தேய்த்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "உங்கம்மாவுக்கு மட்டும் ரோடு கெடச்சிச்சி இல்லண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கடையில் எண்ணெய் தீர்ந்துபோச்சா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். துணி இருந்தது, மேளம் இல்லை, நான் தலை குனிந்தேன் என்று அவளிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். குழாயை மூடிவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "இருந்தாலும் ரோடுதானே?" என்றாள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போ, ஷாரோன். நீ எங்கே கூப்பிட்டாலும் வந்து, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆனால் மனுதாரராக திலகா பெயரைப் போடு. அவள் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டாள். என் பெயரைப் போடாதே. நான் அந்த ரோட்டில் போய்விட்டு வந்தவன்.

பெஞ்சமின்